6000 சிஎல் 30 ராம்: கூடக் கொடுக்கும் காசு தேறுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜி.ஸ்கில் ஃபிளேர் எக்ஸ்5 நல்ல ராம். 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, மொத்தம் 32 ஜிபி, டிடிஆர்5 தலைமுறை, வேகம் 6000, சிஎல் 30 (சிஎல் என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்). போன வருஷம் விலை தாறுமாறாக ஏறுவதற்கு முன்னால் வாங்கியது, இதுவரை மக்கர் பண்ணவில்லை. ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, இதுதான் என் மெஷின். ஆனால் இந்த ராம் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள யாரும் இங்கே வரப்போவதில்லை. நான் வாங்கியபோது பக்கத்திலேயே ஆயிரத்தைந்நூறு ரூபாய் சொச்சம் குறைவாக ஒரு சாதா 5600 ராம் கிடைத்தது, அதை விட்டுவிட்டு இதை எதற்கு வாங்க வேண்டும், அதுதானே கேள்வி.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்க் கேட்டால் இதற்கு ஒரே பதில்தான் வரும். "சார், 6000 கேமிங்குக்கு, 5600 ஆபிஸுக்கு, உங்களுக்கு எது போடட்டும்?" சிஎல் எவ்வளவு என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் டப்பாவை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதான் சார், 6000னா 6000தான்" என்றான். அங்கேதான் பலருடைய காசு போகிறது. 6000 என்று பெயர் போட்டே சிஎல் 30, சிஎல் 36, சிஎல் 40 என்று மூன்று விதம் விற்கிறார்கள், மூன்றும் ஒன்றில்லை.

டப்பாவில் பெரிதாகப் போடும் 6000 என்பது விநாடிக்கு எத்தனை மில்லியன் முறை டேட்டா கைமாறுகிறது என்ற எண். ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 30-38-38-96 என்று ஒரு வரிசை இருக்கும் பாருங்கள், அதில் முதல் எண்தான் சிஎல்: ப்ராசஸர் கேட்ட பிறகு முதல் டேட்டா வெளியே வர எத்தனை கிளாக் (துடிப்பு) பிடிக்கிறது என்பது. கணக்கு சுலபம். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோவிநாடியில் காத்திருப்பு நேரம் கிடைத்துவிடும். 6000 சிஎல் 30-க்கு 10 நானோவிநாடி. 6000 சிஎல் 40-க்கு 13.3. சாதா 5600 ராம் பெரும்பாலும் சிஎல் 46-ல் வரும், அதற்கு 16.4. இப்போது ஒரு வேடிக்கை, உங்கள் வீட்டில் இருக்கும் பழைய டிடிஆர்4-3200 சிஎல் 16-க்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் 10தான். அதற்கும் முந்தைய டிடிஆர்3-1600 சிஎல் 9 கூட 11.25-ல் நிற்கிறது. அதாவது தலைமுறை தலைமுறையாக ஏறிக்கொண்டு வந்தது ஒரே நேரத்தில் எவ்வளவு டேட்டா அள்ளலாம் என்பதுதான், எவ்வளவு சீக்கிரம் கைக்கு வரும் என்பது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அள்ளும் அளவாவது முழுதாகக் கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. டிடிஆர்5-6000 இரண்டு ஸ்டிக் போட்டால் காகிதத்தில் விநாடிக்கு 96 ஜிபி. 5600 என்றால் 89.6. ஆனால் 7600 மாதிரி கோர்களுக்கென்று தனியாக ஒரே ஒரு சில்லு உள்ள ரைசனில், அந்தச் சில்லுக்கும் ராமோடு பேசும் மெமரி கன்ட்ரோலருக்கும் நடுவே இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்று ஒரு பாதை இருக்கிறது. அது 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது, படிக்கும் பக்கம் விநாடிக்கு 64 ஜிபிதான் போகும். ஆகக்கூடி, சாதா ராமே அந்தப் பாதையை நிரப்பிவிடும். அப்படியானால் இந்த மெஷினில் வேக ராம் தருவது என்ன? அந்த ஆறு நானோவிநாடி சொச்சம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தன்னால் விளங்கிவிடும்.

சும்மா காகிதக் கணக்கு மட்டும் போடவில்லை, மாட்டியும் பார்த்தேன். அக்கா மகனுடைய மெஷினும் இதே 7600தான், அவனிடம் இருப்பது க்ரூஷியலின் சாதா 5600 சிஎல் 46, சூட்டைப் பரப்பும் ஹீட் ஸ்பிரெடர் தகடு கூடக் கிடையாது, கறுப்புப் பலகையும் சில்லும் அப்படியே தெரியும். லீவுக்கு வந்தவனிடம் அதைக் கழற்றி வாங்கி என் போர்டில் போட்டு, விண்டோஸ், டிரைவர், கார்டு எதையும் தொடாமல் ராமை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினேன். ஐடா64 என்ற சோதனை மென்பொருளில் மெமரி லேட்டன்சி, அதாவது ப்ராசஸரிலிருந்து ராம் வரை போய்வரும் மொத்தக் காத்திருப்பு, எண்பதுகளின் நடுவிலிருந்து எழுபது நானோவிநாடி பக்கம் இறங்கியது, அது நல்ல இறக்கம்தான். 7-ஜிப்பில் பெரிய ஃபோல்டரை அமுக்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2-ஐ எல்லா செட்டிங்கையும் கீழே தள்ளி 1080பி-யில் ஓட்டினால் ஃபிரேம் ஏறுகிறது, சராசரியைவிட அந்தக் கீழ்மட்ட ஃபிரேம்கள், அதாவது சண்டை நடக்கும் இடத்தில் திடீரென்று விழுமே, அது குறைகிறது. போட்டியாக விளையாடுகிறவன் என்றால் இதை உணர்வான். அவன் உணர்ந்தான், நான் உணரவில்லை, கிராஃப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் சைபர்பங்க். 4060-ஐ வைத்துக்கொண்டு நல்ல செட்டிங்கில் ஓட்டினால் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே. கார்டு முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது, ப்ராசஸர் அதற்காகக் காத்திருக்கிறது, இதில் ராம் சீக்கிரம் கொடுத்தால் என்ன மெதுவாகக் கொடுத்தால் என்ன. வீடியோ எடிட்டிங்கிலும் இதே கதைதான், டாவின்சி ரிசால்வில் டைம்லைன் ஏற்றுமதி பண்ணும் வேலையைக் கார்டு பார்த்துக்கொள்கிறது, ராம் மாற்றியதால் ஒரு டீ குடிக்கும் நேரம் கூட மிச்சமாகவில்லை. கோடு கம்பைல் பண்ணுவதில் கொஞ்சம், சொல்லிக்கொள்ளும்படி இல்லாத கொஞ்சம். பிரவுசர், எக்செல், டேலி இதற்கெல்லாம் சோதனை வைப்பதே வீண்.

வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டப்போகிறேன், அதற்கு வேக ராம் வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். கார்டில் ஓட்டாமல் ப்ராசஸரில் ஓட்டினால் ராம் வேகம்தான் எல்லாம் என்பது உண்மை, ஏனென்றால் ஒவ்வொரு டோக்கனுக்கும் (மாடல் எழுதும் ஒரு சொல் துண்டு) மாடல் முழுவதையும் ராமிலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். 8 பில்லியன் எண்கள் கொண்ட மாடலை, எண்ணுக்கு 4 பிட்டாகச் சுருக்கினால் கிட்டத்தட்ட 5 ஜிபி. 64-ஐ 5-ஆல் வகுங்கள், விநாடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று டோக்கன், அதுதான் இந்த ப்ராசஸரின் உச்சவரம்பு. ராம் 5600-ஆ 6000-ஆ என்பதற்கு முன்னாலேயே பாதை முட்டிக்கொள்கிறது. அந்த ஆசைக்குக் காசு இருந்தால் விராம் (கார்டின் சொந்த மெமரி) கூடுதலாக உள்ள கார்டில் போடுங்கள்.

அக்கா மகன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, அப்ப 8000 ராம் போட்டா?" என்றான். யூடியூபில் யாரோ வண்ண விளக்கோடு காட்டியிருக்கிறார்கள். ஏஎம்5 போர்டில், அதாவது இந்த ரைசன்கள் உட்காரும் போர்டில், 8000 போட்டால் நடப்பது இது: 6000-ல் மெமரி கிளாக் அதில் பாதி, 3000, கன்ட்ரோலரும் அதோடு ஒன்றுக்கு ஒன்றாக 3000-ல் ஓடும். 8000-ல் மெமரி கிளாக் 4000, அந்த வேகத்துக்குக் கன்ட்ரோலரால் வர முடியாது, அதனால் பாதியாக 2000-க்கு இறங்கிவிடும். கூடுதல் காசு கொடுத்துக் கன்ட்ரோலரை மெதுவாக்கியதுதான் மிச்சம். கொஞ்சம் நல்ல ப்ராசஸர் வாய்த்தால் 6200, 6400 வரை ஒன்றுக்கு ஒன்றாக ஓடும், ஆனால் அது அதிர்ஷ்டம், அதை நம்பிப் பணம் போட முடியாது. 2022-ல் ரைசன் 7000 வந்தபோதே 6000தான் பொருத்தமான இடம் என்று ரைசனைச் செய்யும் ஏஎம்டியே சொல்லிவிட்டது. நானும் அங்கேயே நிற்கிறேன். ரைசனுக்கு 6000 சிஎல் 30 வரை சரி, அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட வேண்டாம்.

இன்டெல் பக்கம் 7200 எல்லாம் நன்றாகவே ஓடும், கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு அதிகாரபூர்வ வேகமே 6400. ஆனால் நம் ஊரில் பட்ஜெட் மெஷின் போடுகிறவர்கள் எடுப்பது எச்610 போர்டும் ஐ5 12400-உம். எச்610-ல் மெமரி ஓவர்க்ளாக், அதாவது அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் ராமை ஓட்டுவது, கிடையாது. 12400-இன் டிடிஆர்5 வேகம் 4800. அதில் 6000 கிட்டை (ஜோடி ஸ்டிக்கை) மாட்டினால் 4800-ல் ஓடும், 7200 கிட்டை மாட்டினாலும் 4800-ல்தான் ஓடும். இது தெரிந்தும் தலையில் கட்டுகிறார்களா தெரியாமல் செய்கிறார்களா, அது அவரவர் மனசாட்சிக்கு. கடையில் அசெம்பிள் பண்ணித் தரச் சொன்ன தெரிந்தவர் ஒருவருக்கு இப்படித்தான் எச்610-ல் விளக்கு வைத்த 6000 கிட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். விளக்கு நன்றாக எரிகிறது.

எக்ஸ்3டி ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கும் பெரிதாக வேலை இல்லை. 7800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி, 96 எம்பி, என் 7600-ல் 32. அஞ்சறைப் பெட்டி பெரிதாக இருந்தால் சமையல் நடுவே மளிகைக்கடைக்கு ஓட வேண்டியதில்லை, அவ்வளவுதான் விஷயம். கேம் கேட்கும் டேட்டாவில் பெரும்பகுதி அந்தக் கேஷிலேயே கிடைத்துவிடுவதால், ராம் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் ஃபிரேமில் அவ்வளவாகத் தெரியாது. கார்டுக்குச் சேர்க்கும் பணத்தை அதில் போய் ஏன் செலவழிக்க வேண்டும்.

உண்மையிலேயே வேக ராம் காசுக்கு வஞ்சனை இல்லாமல் வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு, தனி கார்டு இல்லாத மெஷின். ரைசன் 5 8600ஜி மாதிரி உள்ளேயே நல்ல கிராஃபிக்ஸ் இருக்கும் ப்ராசஸர்களுக்குச் சொந்தமாக விராம் கிடையாது, மெயின் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அள்ளும் அளவு கூடக் கூட ஃபிரேம் கூடும், 5200-இலிருந்து 6000-க்குப் போனால் கையோடு தெரியும். இந்த மாதிரி மெஷின் போடுகிறவரிடம் நான் ராமில் மிச்சம் பிடிக்காதே என்றுதான் சொல்வேன். விசித்திரம் என்னவென்றால், கார்டு வாங்கப் பணமில்லை என்றுதான் இந்த ப்ராசஸரையே எடுக்கிறார்கள், அதே பணமில்லாத காரணத்தால் ஒற்றை ஸ்டிக் ராம் போட்டுவிடுகிறார்கள். ஒற்றை ஸ்டிக் என்றால் பாதை பாதியாகிறது. 6000 ஸ்டிக் ஒன்று 48 ஜிபி தரும், மெதுவான 4800 ஸ்டிக் இரண்டு 76.8 தரும். வேகத்தை மறந்துவிடுங்கள், முதலில் ஜோடியாகப் போடுங்கள்.

லேப்டாப்புக்கும் இதுதான். அங்கே ராமின் வேகத்தை நீங்கள் தேர்ந்தெடுப்பது அரிது, பாதி மாடல்களில் பலகையோடு பற்ற வைத்துவிடுகிறார்கள். ஸ்லாட் இருந்து அதில் ஒற்றை 8 ஜிபி மட்டும் இருந்தால், காலியாக இருக்கும் ஸ்லாட்டில் இன்னொன்று போடுவதுதான் உங்களால் முடிந்ததிலேயே பெரிய முன்னேற்றம். அதை விட்டுவிட்டு 16 ஜிபி வேக ராமா 32 ஜிபி சாதா ராமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். குரோமில் நாற்பது டேபும், ஒரு வர்ச்சுவல் மெஷினும், பின்னணியில் ஃபோட்டோஷாப்பும் ஓடும் ஆளுக்கு 16 ஜிபி நிறைந்து எஸ்எஸ்டிக்கு வழிய ஆரம்பித்துவிட்டால் நானோவிநாடிக் கணக்கெல்லாம் காற்றில் போய்விடும்.

சரி, ஃபிளேர் எக்ஸ்5-க்கு வருவோம். இதன் ஹீட் ஸ்பிரெடர் உயரம் 33 மிமீதான், விளக்கு கிடையாது. பெரிய டவர் கூலர் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம், ஃபேன் முதல் ஸ்லாட்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கூலரில் உயரமான விளக்கு ராம்கள் இடிக்கும், இது அடியில் ஓரிழை இடைவெளி விட்டு உட்கார்ந்துவிட்டது. என் போர்டில் ஸ்லாட்டின் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப், மறுபக்கம் அசையாது. அந்த அசையாத பக்கத்தை முதலில் இறக்கி, பிறகு கிளிப் பக்கம் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், ரைசன் 7000-ல் நான்கு ஸ்டிக் போட்டால் அதிகாரபூர்வ வேகம் 3600-க்கு விழுந்துவிடுகிறது. 64 ஜிபி வேண்டுமா, 32-ஆக இரண்டு வாங்குங்கள்.

மாட்டி முடித்து முதல்முறை சுவிட்சைப் போட்டதும் திரை கறுப்பாகவே இருக்கும், ஃபேன் மட்டும் சுற்றும், போர்டில் ராம் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டே இருக்கும். போர்டு போச்சு என்று பயந்து நடுவில் கரண்டைப் பிடுங்காதீர்கள். டிடிஆர்5-க்கு மெமரி டிரெயினிங் என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு கம்பியிலும் சிக்னல் எந்த நேரத்தில் சரியாக வருகிறது என்று போர்டு அளந்து பார்க்கும், ஏஎம்5-ல் அதற்குச் சில நிமிஷம் ஆகும். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வந்தபடியே விட்டால் இந்த 6000 கிட் 4800-ல்தான் ஓடும், அதாவது சாதா ராமுக்கும் கீழே. போர்டின் செட்டிங் திரையான பயாஸுக்குள் போய், ராமிலேயே பதித்து வைத்திருக்கும் வேக செட்டிங்கான எக்ஸ்போ ப்ரொஃபைலை ஆன் செய்தால்தான் 1.35 வோல்ட்டில் 6000-க்கு ஏறும். இன்டெல் போர்டில் இதற்குப் பெயர் எக்ஸ்எம்பி. கடையில் போட்டுக் கொடுத்த மெஷின்களில் இதை ஆன் செய்யாமலே கொடுத்திருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன், காசு 6000-க்கு, ஓட்டம் 4800-க்கு. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து ஸ்பீடு என்ன காட்டுகிறது என்று இப்போதே பாருங்கள். சிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்த்தால் 3000 பக்கம்தான் காட்டும், அது மெமரி கிளாக், பாதி எண், பதறத் தேவையில்லை.

எக்ஸ்போ என்பது கணக்கில் ஓவர்க்ளாக்கிங்தான். அதனால் ப்ராசஸருக்கு ஏதாவது ஆனால் வாரண்டி கிடையாது என்று ஏஎம்டி அடிக்குறிப்பில் போட்டுத்தான் வைத்திருக்கிறது. 2023-ல் சில 7800எக்ஸ்3டி-கள் கருகிப்போன விவகாரத்துக்குப் பிறகு எஸ்ஓசி வோல்டேஜுக்கு (ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட் என்று வரம்பு வைத்து பயாஸ் அப்டேட் விட்டார்கள், ஆகவே போர்டு பழைய ஸ்டாக் என்றால் முதல் வேலையாகப் பயாஸை அப்டேட் பண்ணிவிட்டு அப்புறம் எக்ஸ்போவைத் தொடுங்கள். ஆன் செய்தபின் ஒரு ராத்திரி, ராமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 ஓடவிடுவது நல்லது. அதிலும் நம் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில் கார்டின் சூடு மேலே அடிக்கும்போது ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், மார்கழியில் பாஸானது மே மாதத்தில் எரர் காட்டலாம். என்னுடையது பாஸானது.

இப்போதைய விலைதான் பெரிய தலைவலி. 2025-இன் நடுவில் அமெரிக்காவில் 100 டாலர் அளவில் கிடைத்த 32 ஜிபி டிடிஆர்5 கிட், அந்த வருஷம் முடிவதற்குள் மூன்று மடங்கைத் தாண்டியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போதவில்லை, சில்லு செய்யும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் லாபம் அங்கே இருப்பதால் அங்கேதான் கவனம் வைக்கின்றன. அக்கா மகனின் க்ரூஷியல் இருக்கிறதே, அந்தக் கடைச் சரக்கு வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இந்த நிலைமையில் என் பதில் கொஞ்சம் மாறுகிறது. அன்றைக்கு ஆயிரத்தைந்நூறு கூடக் கொடுத்தது எனக்கு வருத்தமில்லை, நாலைந்து வருஷம் ஓடப்போகிற பொருள். இன்றைக்கு 5600-க்கும் 6000 சிஎல் 30-க்கும் இடைவெளி அதே ஆயிரம் இரண்டாயிரத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிஎல் 30 எடுங்கள். ஐந்தாயிரம், ஆறாயிரம் என்று விரிந்திருந்தால், தனி கார்டு வைத்திருப்பவர் சாதா ராமையே எடுத்துக்கொண்டு போகலாம், கையில் பிடிபடும் இழப்பு ஒன்றுமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் டிடிஆர்4-3200 மெஷினை ராமுக்காக மட்டும் மாற்றுவது இப்போது பைத்தியக்காரத்தனம். 32 வாங்கவே முடியவில்லை, தனி கார்டு இருக்கிறது என்றால் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக் போட்டு ஓட்டிவிட்டு, விலை இறங்கியதும் அதே மாடலில் இன்னொன்று சேர்க்கலாம். 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக் இரண்டு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை, அவற்றின் சில்லுக்குள் டேட்டா வைக்கும் தொகுதிகள், அதாவது பேங்க் குரூப், பாதிதான் இருக்கும், வேகமும் அதற்கேற்பக் குறையும், பின்னால் கூட்ட வேண்டும் என்றாலும் இரண்டையும் தூக்கித்தான் எறிய வேண்டும். உள் கிராஃபிக்ஸை நம்பி இருப்பவருக்கு வேறு வழி இல்லை, அவர் மட்டும் அதை எடுக்கலாம்.

வாங்கும்போது ஒன்று மட்டும் விடாமல் செய்யுங்கள், பில்லில் "16 ஜிபி டிடிஆர்5 6000, இரண்டு" என்று மட்டும் எழுதித் தந்தால் ஒத்துக்கொள்ளாமல் பார்ட் நம்பரைப் போடச் சொல்லுங்கள். இந்த கிட்டின் பார்ட் நம்பரில் 6000-க்குப் பிறகு ஒரு எழுத்து தள்ளி 3038 என்று வரும், அதுதான் 30-38. அந்த இடத்தில் 36-இல் தொடங்கும் எண் இருந்தால் அது வேறு கிட், விலையும் குறைவாக இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் டப்பாவைப் பிரிப்பதற்கு முன்னால் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ரிட்டர்ன் போடும்போது அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.